வேலியில் போன ஓணான்

வேலியில் போற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்கள் ஊரில். நான் அதையே லைசென்ஸ் எடுத்துச் செய்தேன். சிட்னிக்கு வந்த மூன்றாம் வருடம் மகளின் பிடிவாதத்தில் பியர்டட் டிராகன் என்ற தாடி ஓணான் ஒன்று வீட்டுக்கு வந்தது. இந்த மண்ணின் பிராணிதான். ஆனாலும் காட்டில் பிடித்துவந்து வளர்க்கக் கூடாது. கடையில் வாங்கினாலும் நியூ சவுத் வேல்ஸில் உரிமம் வேண்டும். மகள் மிளகு என்று பெயர் வைத்தாள். ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்துத் திரிந்தவன் நான். அந்தக் கணக்குத்தான் தீர்கிறது போல.

குட்டியாக இருக்கும்போது பூச்சிதான் பிரதான சாப்பாடு. அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது. கிரிக்கெட் பூச்சிகளை ஒரு பையில் போட்டு, கால்சியம் பொடியைத் தூவி மகள் குலுக்குவாள். எல்லாம் விபூதி பூசிக்கொண்டு வெளியே வரும்.

ஆறு மாதம் இருக்கலாம் என்று அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த அம்மா, சமையல்மேடையில் இருந்த டப்பாவைத் திறந்துவிட்டாள். உள்ளே ‘வுடீஸ்’. பெயர்தான் ஸ்டைல், சாதி கரப்பான்தான்.

“ஏல, காசு குடுத்தா கரப்பான் வாங்குத?”

அன்றே டப்பா கராஜுக்குப் போய்விட்டது. தப்பிய ஒரு கிரிக்கெட் மட்டும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒரு வாரம் ராத்திரி முழுக்கக் கத்தியது. அம்மா அதை ஒன்றும் சொல்லவில்லை.

வளர வளர மெனு தலைகீழானது. இலை தழை அதிகம், பூச்சி எப்போதாவது. பாக்சாய், எண்டைவ், துருவிய பட்டர்நட் பூசணி. பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்குகிற பிள்ளை மாதிரி பூசணியைத் தின்றுவிட்டு பாக்சாயை மிதித்துக்கொண்டு நிற்பான். அம்மா பசலைக்கீரையை நீட்டினாள். மகள் தடுத்தாள்.

“அதுல ஆக்ஸலேட் இருக்கு ஆச்சி. கால்சியத்த உடம்புல சேர விடாது.”

“நமக்கு நல்ல கீர, அவனுக்கு ஆகாதாக்கும்?”

அவகாடோதான் நிஜமான விஷம். அது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது என்பதால் பிரச்சினையில்லை.

ஒத்துப்போனது செம்பருத்தியில். கொல்லையில் மருந்தடிக்காத செடி. காலையில் இரண்டு பூ: ஒன்று பிள்ளையாருக்கு, ஒன்று இவனுக்கு. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். பிசுபிசுத்த நாக்கு ஒருமுறை வெளியே வந்து போகும். அப்புறம் ஒரே கவ்வு. வெற்றிலை போட்டவர் வாய் மாதிரி ஓரத்தில் சிவப்பிதழ் தொங்கும். கண்ணை மூடி மூடி மெல்லுவான். அம்மா குந்தி உட்கார்ந்து முழுதும் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பாள்.

அம்மா ஊருக்குப் போன பிறகு, ஜூனில் சாப்பாட்டை நிறுத்தினான். மரக்கட்டைக்கு அடியில் படுத்தவன் எழவில்லை. பதறிக்கொண்டு டாக்டரிடம் போனேன். குளிர்கால உறக்கம்தான், எடை குறையாதவரை கவலை வேண்டாம் என்றார். வாரம் ஒருமுறை, மாவு நிறுக்கும் தராசில் அவனை வைத்தோம். 410 கிராம். அப்படியே இருந்தது. அம்மா தினம் வாட்ஸப்பில், “தின்னானா?”

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் விளக்கடியில் வந்து, கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்தான். ஒரு மணிநேரம் சூடேறியதும் வாய் திறந்தான். பாக்சாயை நீட்டினேன். பார்க்கவேயில்லை. கராஜுக்கு ஓடி ஒரு கரப்பான் கொண்டுவந்து போட்டேன். டக்கென்று விழுங்கினான்.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். “பூ வச்சியா?” என்றாள். செடியில் இன்னும் மொட்டுகூட விடவில்லை.