எக்கோ நோர்மல், ஆனாலும் எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னார்கள்

2021 ஓகஸ்ட்டில் நாடு முழுக்க ஊரடங்கு போட்டிருந்த நேரம் எனக்குக் கொரோனா பிடித்து, ஒட்சிசன் மாஸ்க்கோடு வாட்டில் கிடந்தேன். அப்போது எடுத்த இரத்தத்தில் ட்ரோபோனின் கூடியிருந்தது. அது இதயத் தசைக்குள் இருக்கிற ஒரு புரதம், தசை பாதிக்கப்பட்டால் கசிந்து இரத்தத்துக்கு வரும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அதையும் ஒரு வரியில் எழுதிவிட்டிருந்தார்கள், அந்த ஒரு வரிதான் பிறகு என்னைக் கொழும்பு வரைக்கும் கொண்டுபோனது.

காய்ச்சல் போய் மாதக்கணக்காகியும் கோண்டாவிலில் இருந்து யாழ்ப்பாண ரவுணுக்குச் சைக்கிள் மிதித்தால் கொக்குவில் சந்தியில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. இளைப்பு, இடைக்கிடை நெஞ்சு படபடப்பு. கிளினிக்கில் முதலில் ஈசிஜி, அப்புறம் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கிற ஸ்கேன். எக்கோ ஒன்றும் பெரிய விசயமில்லை, இடப்பக்கம் சரிந்து படுக்கவிட்டு, குளிர்ந்த ஜெல்லைப் பூசி, விலா எலும்புகளுக்கு நடுவில் அழுத்திப் பார்ப்பார்கள், கொஞ்சம் நோகும், அவ்வளவுதான். இடது அறை ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கிற இரத்தத்தில் 60 வீதத்தை வெளியே தள்ளுகிறது என்றார்கள். 55க்கு மேலே என்றால் நல்லதாம். நான் சந்தோசமாக எழும்பிவிட்டேன், டொக்டர்தான் விடவில்லை.

"எக்கோவில பம்ப் நல்லா வேலை செய்யுதெண்டு தெரியுது தம்பி. தசைக்குள்ள வீக்கமோ தழும்போ கிடக்குதா எண்டு அதில வடிவாத் தெரியாது. உங்களுக்கு ட்ரோபோனின் ஏறினபடியா ஒருக்கா எம்.ஆர்.ஐ எடுத்துப் பாப்பம்."

எம்.ஆர்.ஐக்காக இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் குளித்து வெளிக்கிட்டோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் இரத்த ரிப்போட்டை யாழ்ப்பாணத்திலேயே எடுத்துக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று, படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றுகிற கடோலினியம் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் முதலில் அதைத்தான் கேட்டார்கள். பேஸ்மேக்கர் இருக்கிறதா, உடம்பில் எங்காவது இரும்புத் துண்டு இருக்கிறதா என்றும் கேட்டார்கள். இந்த இரண்டாவது கேள்வியை எங்கள் பக்கத்து ஆட்கள் சும்மா தலையாட்டிக் கடக்கக்கூடாது, பழைய ஷெல் துண்டு உடம்பில் கிடக்கிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், எம்.ஆர்.ஐ மெஷினில் இருக்கிற காந்தம் அவ்வளவு பலமானது. எனக்கு அப்படி ஒன்றுமில்லை. ஆனால் அரைஞாணில் அம்மா கோத்துவிட்ட வெள்ளித் தாயத்து இருந்தது, முடிச்சு இறுகிப்போய், கடைசியில் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி வெட்டினேன்.

குழாய்க்குள் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். சத்தத்துக்கு ஹெட்போன் தருவார்கள், அதையும் தாண்டித் தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரிக் கேட்கும். கஷ்டம் சத்தமில்லை, மூச்சுத்தான். மூச்சை எடுத்து, முழுக்க வெளியே விட்டு, அப்படியே பிடித்திருக்கச் சொல்வார்கள், படம் ஆடாமல் இருக்க. நெஞ்சில் காற்றில்லாமல் பிடிப்பது கொரோனா வந்த நெஞ்சுக்கு லேசான வேலையில்லை. ஏலாவிட்டால் கையில் தந்த பந்தை அமத்தச் சொன்னார்கள். இடையில் ஊசி ஏறும்போது கை வழியே ஒரு குளிர் போகும், பத்து நிமிசமளவு கழித்துத்தான் முக்கியமான படங்கள். நல்ல தசையில் இருந்து அந்த மருந்து அதற்குள் கழுவுப்பட்டுவிடும், தழும்பில் மட்டும் தங்கி வெள்ளையாகத் தெரியும்.

என் படத்தில் அந்த வெள்ளை இருந்தது, இடது அறையின் பக்கச் சுவரில் ஒரு சின்னக் கீற்று.

ரிப்போட்டைப் படித்துவிட்டு பஸ்ஸிலேயே போனில் தேடினேன். முதலில் வந்தது 2020இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் செய்த ஆய்வு, கொரோனா மாறிய 100 பேரில் 78 பேருக்கு எம்.ஆர்.ஐ படத்தில் ஏதோ ஒரு மாற்றம். அது வெளிவந்த பிறகு இலக்கங்களில் திருத்தம் போட்டார்கள் என்பது கீழே கிடந்தது. 2021இல் லண்டனில் 149 சுகாதார ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வில், லேசாக வந்து போனவர்களுக்கும் வராதவர்களுக்கும் ஆறு மாதத்தின் பின் இதயத்தில் வித்தியாசம் இல்லை. எதை நம்புவது?

டொக்டரிடம் கேட்டேன். நீங்கள் இரண்டு கூட்டத்திலும் இல்லை என்றார். ஆஸ்பத்திரியில் கிடந்து ட்ரோபோனின் கூடியவர்களை மட்டும் லண்டனில் ஆறு வைத்தியசாலைகளில் பார்த்திருக்கிறார்கள், 148 பேர். பத்தில் ஒன்பது பேருக்குப் பம்ப் நோர்மல். ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்களின் படத்தில் தழும்போ இரத்தஓட்டக் குறைவோ இருந்தது, கால்வாசிப் பேருக்கு வைரஸ் அழற்சி மாதிரியான தழும்பு. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு வளையம் கீறிக் காட்டினார்: மாரடைப்புத் தழும்பு உள்பக்கத்தில் இருந்து தொடங்கும், வைரஸ் விட்ட தழும்பு பெரும்பாலும் வெளிப்பக்கமாகவோ நடுவிலோ இருக்கும். என்னுடையது வெளிப்பக்கம். வீக்கத்தைக் காட்டுகிற படங்கள் சுத்தம், அதனால் இது ஆறிய காயம். மருந்து இல்லை. படபடப்புக்காக 24 மணித்தியாலம் இதயத் துடிப்பைப் பதிகிற ஹோல்டர் என்ற சின்னக் கருவியை மட்டும் கட்டினார்கள், அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை. சில மாதத்துக்கு மண்வெட்டியும் சைக்கிள் ஓட்டமும் வேண்டாம், நடக்கலாம், பிறகு ஒரு எக்கோ.

எம்.ஆர்.ஐ படங்கள் பதிந்து தருகிற சீடியை எறிந்துவிடாதீர்கள், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படங்கள்தான் தேவை, ரிப்போட் கடதாசி மட்டும் காணாது.

இப்போது கொக்குவில் சந்தியில் இறங்குவதில்லை. என் மச்சாளுக்கும் கொரோனா வந்து களைப்பு இருந்தது, ஆனால் வீட்டிலேயே மாறியது, ட்ரோபோனினும் ஏறவில்லை. எக்கோவோடு போதும் என்று டொக்டர் அனுப்பிவிட்டார். அவவுக்கு இன்னும் கோபம், "உனக்கு எடுத்தவை, எனக்கு மட்டும் ஏன் எடுக்கேல்லை" என்று.