மூஸ் மெட்டாகிளாஸ் வழியா எல்லா மெத்தடுக்கும் டைமர் மாட்டினது

வீட்டுக் கணக்குக்குன்னு பெர்ல்ல எழுதின புரோகிராம் நல்லா வளந்துடுச்சு, மாசக் கடைசி ரிப்போர்ட் வேற ஆடி அசைஞ்சுதான் வருது. எந்த மெத்தட் நேரத்தை இழுக்குதுன்னு பாக்க ஒவ்வொண்ணுக்குள்ளயும் போய் டைமர் எழுத பொறுமை இல்ல. கிளாஸெல்லாம் மூஸ்லதான் (பெர்ல்ல கிளாஸ், ஆப்ஜெக்ட் எழுத உதவற மாடியூல்) இருக்கு, அதனால மெட்டா வழியாவே, அதாவது கிளாஸோட விவரத்தையெல்லாம் வச்சிருக்கற மெட்டாகிளாஸ் ஆப்ஜெக்ட் வழியாவே இறங்கினேன்.

பழைய வழின்னா ஸ்ட்ரிக்ட் ரெஃப்ஸ்ங்கற பெர்லோட கட்டுப்பாட்டை ஆஃப் பண்ணிட்டு க்ளாப்ல (glob, பேக்கேஜ்ல ஒரு பேருக்கான இடம்) ஒரு சப்ப, அதாவது ஃபங்ஷனை, ஒட்டி விடறது. கூப்பிட்டா ஓடும், ஆனா வேற பேக்கேஜ்ல எழுதின சப்னா மூஸ் அதை இந்த கிளாஸோட மெத்தட்னே ஒத்துக்காது, ஏன்னா சப் எந்த பேக்கேஜ்ல பொறந்துச்சுன்னு பாத்துதான் கணக்குல சேக்குது (இம்போர்ட் பண்ண ஃபங்ஷன் எல்லாம் லிஸ்ட்ல வந்து நிக்காததும் இதனாலதான்). மெட்டால ஆட்_மெத்தட்னு குடுத்தா பேரில்லாத சப்புக்கு அதுவே பேரும் வச்சிடுது, எது எதைக் கூப்பிட்டுச்சுன்னு காட்டற ஸ்டாக் ட்ரேஸ்ல அனான்னு (பேரில்லாததுன்னு) வராம மெத்தட் பேரே வருது. எனக்கு இதுக்காகவே க்ளாப் வேண்டாம்னு ஆயிடுச்சு.

அப்புறம் கெட்_மெத்தட்_லிஸ்ட்ல லூப். இதுல கிளாஸோட சொந்த மெத்தட் மட்டும்தான் வரும், பேரன்ட்டோடதும் வேணும்னா கெட்_ஆல்_மெத்தட்ஸ், ஆனா அது எல்லா மூஸ் கிளாஸுக்கும் பேரன்ட்டான மூஸ் ஆப்ஜெக்ட்ல இருக்கற பில்டார்க்ஸ் மெத்தட் வரைக்கும் வாரிக்கிட்டு வந்துடும். சொந்த லிஸ்ட்லயும் மெட்டாங்கற மெத்தடும் ஆட்ரிபியூட்டோட அக்சஸரும் (அதோட மதிப்பைப் படிக்க, மாத்த இருக்கற மெத்தட்) இருக்கும், அக்சஸரை என்ன வகைன்னு சொல்ற ஐசா போட்டு பாத்தும், மெட்டாவைப் பேரை வச்சும் தள்ளிட்டேன். மிச்சத்துக்கெல்லாம் அரவுண்ட் மாடிஃபையர், அதாவது ஒரிஜினல் மெத்தடைச் சுத்தி டைமரோட இன்னொரு சப். உள்ள வான்ட்அரேயை (கூப்பிட்டவங்க என்ன எதிர்பாக்கறாங்கன்னு சொல்றது) பாத்து லிஸ்ட்டா ஸ்கேலரான்னு, அதாவது பல மதிப்பா ஒரே மதிப்பான்னு, பிரிச்சு ஒரிஜினலைக் கூப்பிடணும், இல்லன்னா பத்து வரி திருப்பித் தர்ற மெத்தட் வெறும் எண்ணிக்கையைத் தந்துட்டு போயிடும்.

கழட்டறதும் ஈஸிதான், சுத்தின மெத்தட் ஆப்ஜெக்ட் கிட்ட கெட்_ஒரிஜினல்_மெத்தட் கேட்டு வாங்கி திரும்ப ஆட்_மெத்தட்ல குடுத்தா போதும். ஒண்ணு மட்டும், மேக்_இம்மியூட்டபிள் போட்டு பூட்டின கிளாஸ்ல மெட்டா எதையும் சேக்க விடாது, புரோகிராம் எரர்ல செத்துடும். மேக்_மியூட்டபிள் போட்டு வேலைய முடிச்சு திரும்ப பூட்டணும், பூட்டாம விட்டா ஆப்ஜெக்ட்டை உருவாக்கற கன்ஸ்ட்ரக்டர் ஸ்லோவாகி நம்ம டைமிங்கே பொய் சொல்லும்.

ரிப்போர்ட்டை இழுத்தது தேதியை பார்ஸ் பண்ற ஒரே ஒரு மெத்தட்தான், ஒரே தேதியை திரும்பத் திரும்ப பிரிச்சுக்கிட்டு இருந்திருக்கு, கேஷ் போட்டதும் சரியாச்சு. 2023ல பெர்ல் 5.38ல வந்த கிளாஸ் கீவேர்டுக்கு மாறலாம்னும் ஆசை, அதுல இந்த மாதிரி மெட்டா வசதி இல்லாததால இப்போதைக்கு மூஸ்தான்.