ஜெபமாலையின் மறுபாதி

அக்டோபர் 1, 2025, புதன்

ஆயுத பூஜைக்காக ஆட்டோக்கள் எல்லாம் மாலையும் சந்தனமுமாக நின்ற தெரு வழியே இன்று மாதாவைத் தூக்கிக்கொண்டு வந்தோம். இரண்டடி உயரச் சுரூபம், மரப்பீடம், கண்ணாடிக் கூண்டு. மாலைத் திருப்பலி முடிந்ததும் ஃபாதர் மந்திரித்துத் தந்தார். பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழுதான் அன்பியம். அன்பியத்துக்கு ஒரு சுரூபம். இனி 31 நாளும் மாலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் ஜெபமாலை. இரவும் மறுநாள் பகலும் மாதா அந்த வீட்டில்தான். அடுத்த நாள் மாலை அந்த வீட்டுக்காரர்களே தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் வைப்பார்கள். தூத்துக்குடியில் எங்கள் பங்கில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்டோபர் இப்படித்தான்.

எங்கள் அன்பியத்தில் 34 குடும்பங்கள். அதனால் சில நாள் மட்டும் இரண்டு வீடு. பட்டியல் போடும் வேலை இந்த வருஷம் எனக்கு. பதினொரு வருஷம் அம்மா போட்டது. மே மாதம் அம்மா இறந்த பிறகு, ஜூன் கூட்டத்தில் "அம்மா இடத்தில் நீயே இரும்மா" என்றார்கள். மறுக்க வாய் வரவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: ஜெபம் முடிந்ததும் பொரிகடலை, தண்ணீர், அவ்வளவுதான். சுண்டலில் ஆரம்பித்தது கேக், மக்ரூன் என்று வளர்ந்து, போன வருஷம் ஒரு வீட்டில் புரோட்டா பார்சல் வரை போய்விட்டது. அவர்கள் அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு இரண்டு வீட்டில் "எங்கள் வீட்டுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். கையில் காசில்லை என்பதால் ஒரு வீடு மாதாவை வேண்டாம் என்று சொல்லும் நிலை வரக் கூடாது. அம்மா பல வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் எல்லோரும் சரி என்றார்கள். அந்த இரண்டு வீடும் பட்டியலில் இருக்கின்றன.

திருத்தந்தை லியோ இந்த மாதம் முழுக்க உலக அமைதிக்காகத் தினமும் ஜெபமாலை சொல்லும்படி கேட்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் அந்த வேண்டுதல் கருத்தைச் சொல்லித்தான் தொடங்கப் போகிறோம்.

அக்டோபர் 3, வெள்ளி

மூலைவீட்டு ஆச்சிக்கு 82 வயது. முழங்கால் வலியோடு ஒரு வீடு விடாமல் வருகிறார். முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை எல்லோரும் சொல்வதுதானே ஜெபமாலை. நாங்கள் "புனித மரியே, இறைவனின் தாயே" என்று தொடங்கினால், ஆச்சி "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று போவார். அது நீளம். நாங்கள் ஆமென் சொல்லி முடித்த பிறகு ஆச்சியின் குரல் மட்டும் தனியாக "மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்று வந்து சேரும். அதற்குள் மாலையின் அடுத்த மணிக்குரிய ஜெபம் தொடங்கியிருக்கும்.

இன்று ஒரு கல்லூரிப் பையன் மரியாதையாகத்தான் கேட்டான். "எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா நல்லா இருக்குமே அக்கா?" அவன் கேட்டதில் தப்பில்லை. சேர்ந்து சொல்வது ஒரே குரலாக இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ராத்திரி படுத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் இங்கே உழைத்த அன்ரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட சின்னப் புத்தகத்தின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. அன்று கடவுள் தம்பிரான். ஆச்சிக்குச் சர்வேசுரன். எங்களுக்கு இறைவன். என் பாட்டி சிலுவை போடும்போது "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே" என்பார். அம்மா பரிசுத்த ஆவி என்றது. என் மகள் தூய ஆவியார் என்கிறாள். ஒரே வீட்டில் நான்கு தலைமுறைக்குள் மூன்று சொல். நாளைக்கு நாங்கள் சொல்வதும் யாருக்கோ பழசாகும்.

அதனால் ஆச்சியை மாற்றச் சொல்லப் போவதில்லை. முதல் பாதி சொல்கிறவர்கள் ஆச்சி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு அடுத்த மணிக்குப் போக வேண்டும். நாளைக்கே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஜெபமாலை மாதா திருநாள். 1571-ல் லெப்பாந்தோ கடற்போரில் கிடைத்த வெற்றிக்கு நன்றியாகப் பிறந்த திருநாள் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தோம். அந்த நாளில் இன்று போர்கள் நிற்க வேண்டும் என்று மன்றாடினோம். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இன்று வள்ளம் வைத்திருக்கும் அண்ணாச்சி வீடு. அண்ணாச்சி அதிகம் பேச மாட்டார், ஜெபத்திலும் முணுமுணுப்புதான். ஆனால் மாதாவைப் பல பெயர்களால் அழைக்கும் மன்றாட்டுமாலையில் "விடியற்காலத்தின் நட்சத்திரமே" வந்ததும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அவர் குரல் மட்டும் உயர்ந்தது. முடிந்ததும் கேட்டேன். "இருட்டுல வள்ளத்த எடுத்துட்டுப் போறப்ப கிழக்க அந்த வெள்ளி தெரிஞ்சா மனசுக்கு ஒரு தைரியம். அத மாதாவோட பேராச் சொல்லி வச்சிருக்காங்கல்லா" என்றார். நாற்பது வருஷமாக அந்த வரியைச் சொல்கிறேன். வரிசையில் ஒரு வரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும். மே மாதத்திலிருந்து என்னால் ஜெபமாலையின் மறுபாதியைச் சொல்ல முடியவில்லை. மருத்துவமனையில் அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து 53 மணி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபாதர் வந்து எண்ணெய் பூசி நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பத்துப் பத்து மணியாகச் சொல்வதில், மூன்றாம் பத்தில் "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்று சொல்லும்போது அம்மாவின் மூச்சு நின்றது. அந்த மணியை நான் முடிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் தொண்டை அடைக்கிறது. தனியாக உட்கார்ந்தால் பாதி ஜெபத்தோடு எழுந்துவிடுகிறேன்.

அன்பியத்தில் நான் எப்போதும் முதல் பாதி சொல்லும் இடத்தில் நின்றுகொள்கிறேன். மறுபாதியை ஊர் சொல்லிவிடுகிறது. வேறு யாராவது நடத்தினால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். பொறுப்பை ஏற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது.

அக்டோபர் 11, சனி

இன்று போன வீட்டில் கணவர் குவைத்தில். மயினியும் இரண்டு பிள்ளைகளும்தான். மன்றாட்டுமாலையில் "புலம்பெயர்ந்தோரின் ஆறுதலே" என்ற வரியை அங்கே மூன்று தடவை சொன்னோம். 2020-ல் திருத்தந்தை பிரான்சிஸ் சேர்த்த மூன்று வரிகளில் அது ஒன்று. எங்கள் பழைய ஜெபப் புத்தகத்தில் கிடையாது. அம்மா பேனாவால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறது. வீடியோ அழைப்பில் அந்த அண்ணனும் அங்கிருந்தே சேர்ந்துகொண்டார். குரல் இரண்டு நொடி பின்னால் வந்தது. ஆச்சிக்குக் காத்திருந்து பழகியதால் அவருக்கும் காத்திருந்தோம்.

ரோமில் இன்று அமைதிக்கான ஜெபமாலை. நமக்கு இரவு ஒன்பதரை. மகளோடு செல்போனில் பார்த்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஐந்து மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. ஆறரைக்குக் கரண்ட் போனது. தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு மாதா கூண்டின் மேல் தார்ப்பாய் போர்த்தி, இரண்டு பேர் தூக்க, நான்கு பேர் குடை பிடிக்க, செல்போன் வெளிச்சத்தில் வந்துவிட்டார்கள். பதினேழு பேர். ஆச்சியை அந்தக் கல்லூரிப் பையன் பைக்கில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தான்.

ஒவ்வொரு பத்துக்கும் இயேசுவின் வாழ்க்கையில் ஒரு நிகழ்வைத் தியானிப்போம், அதுதான் மறைபொருள். வியாழக்கிழமை என்றால் ஒளியின் மறைபொருள்கள். 2002-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தவை. யோர்தானில் திருமுழுக்கு, கானாவூர்க் கல்யாணம், இறையாட்சி அறிவிப்பு, தாபோர் மலையில் உருமாற்றம், நற்கருணை. அம்மாவுக்கு இந்த ஐந்தும் கடைசி வரை வரிசையாக வராது, தாளைப் பார்த்துத்தான் சொல்லும். ஒற்றை மெழுகுவர்த்தியில் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. தகரக் கூரையில் மழைச் சத்தம். குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகள்தான் அதிகச் சத்தம். இந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஜெபம் இன்றைக்குத்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. இன்று உப்பளத்து அக்கா வீடு. அக்கா கிறிஸ்தவர் இல்லை. பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேறினால் ஆகஸ்ட் 5 திருநாள் வரை தினமும் போய்வருவார். இந்த ஊரில் அது அதிசயமே இல்லை. எங்கள் அன்பியப் பட்டியலில் அவர் பெயர் இல்லாவிட்டாலும், மாதா அந்த வீட்டைத் தாண்டிப் போவதில்லை என்று அம்மா காலத்தில் முடிவானது.

வாசலில் கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தார். முருகன் படத்துக்குப் பக்கத்தில் புதுத்துண்டு விரித்து மாதாவுக்கு இடம். பொரிகடலை மட்டும்தான் என்று நான் சொல்லியிருந்தும் தட்டு நிறைய முறுக்கும் அதிரசமும். "இது ஜெபத்துக்கு இல்ல தாயி, தீபாவளிப் பலகாரம்" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, எல்லோரும் சாப்பிட்டோம்.

மழை விழுந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தியில் உப்பு நீர் காய வெயில் வேண்டும். தை, மாசியில் மறுபடி பாத்தி மிதிக்கும் வரை கைவேலை எது கிடைத்தாலும் செய்ய வேண்டியதுதான். இன்று கருத்துகள் சொல்லும் நேரத்தில் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "மழையும் வேணும், எங்களுக்கு வேலையும் வேணும், ரெண்டுக்கும் நீதாம்மா பொறுப்பு." இரண்டு வருஷம் மறைக்கல்வி ஆசிரியராக இருந்திருக்கிறேன். இவ்வளவு நேராக நான் கடவுளிடம் எதையும் கேட்டதில்லை.

நான்காம் பத்தை வேறொருவர் நடத்தினார். நான் பேசாமல் நின்றேன். ஆச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 26, ஞாயிறு

அன்பியக் கூட்டம். கணக்கு வாசித்தேன். இந்த மாதக் காணிக்கையை ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு. கிறிஸ்துமஸ் குடில் பற்றிப் பேச்சு நீண்டுவிட்டது, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தேன்.

அக்டோபர் 31, வெள்ளி

கடைசி வீடு எங்கள் வீடு. அம்மா எப்போதும் தன் வீட்டைக் கடைசியில்தான் போடும். நானும் அப்படியே போட்டேன். அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் மேஜை போட்டு மாதாவை வைத்தோம். 40 பேருக்கு மேல். வாசலில் நின்றவர்கள் பாதி.

துயர் மறைபொருள்கள். முதல் பாதியை நானே ஐந்து பத்தும் நடத்துவதாகத்தான் இருந்தேன். மூன்றாம் பத்து, முள்முடி சூட்டப்பட்டது. அந்த மூன்றாம் பத்தில் எனக்குக் குரலே வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. மகள் எடுத்துக்கொண்டாள். அவள் சொல்ல, வீடு முழுக்க மறுபாதி எழுந்தது. எல்லோருக்கும் கடைசியாக ஆச்சி: "மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்." அந்தச் சொல்லை அழாமல் கேட்க முடிந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

அப்புறம் "கிருபை தயாபத்துக்கு மாதாவாய் இருக்கிற எங்கள் இராக்கினியே" சொல்லி, பாட்டுப் பாடி, மாதாவை ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். மேஜை வெறுமையாக இருக்கிறது. இன்று இரவு எடுக்க மனமில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையிலேயே நானும் மகளும் போய்ப் புல்லைப் பிடுங்கி, வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டுவிட்டு வந்தோம். மாலை கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி. முடிந்ததும் ஃபாதர் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும்" என்று ஒரு வரிசையில் தொடங்கினால் அடுத்த வரிசை எடுத்துக்கொள்கிறது. காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரர் பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து எங்கள் திரிக்கும் ஒரு மறைப்பு வைத்துக் கொடுத்தார்.

ஆச்சியின் வீட்டுக்காரர் நான்கு வரிசை தள்ளி. அங்கே முடித்துவிட்டு ஆச்சி மெதுவாக எங்களிடம் வந்தார். அம்மாவின் கல்லறைத் திட்டில் கையை ஊன்றி உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து ஜெபமாலையை எடுத்தார்.

"ஒங்கம்மாவுக்கு ஒரு பத்து சொல்லுவோம். நான் ஆரம்பிக்கேன். நீ சொல்லு" என்றார். மகளிடம், "நீ சொல்லாத. அவ சொல்லட்டும்" என்றார்.

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே." முதல் பாதியைச் சொல்லி முடித்து நிறுத்தினார். நான் சொல்லவில்லை. ஆச்சி காத்திருந்தார். ஃபாதர் இரண்டு வரிசை தாண்டிப் போயிருந்தார். ஆச்சி என்னைப் பார்க்கக்கூட இல்லை, விரல் அந்த மணியிலேயே இருந்தது.

எனக்கு வந்தது "புனித மரியே" இல்லை. "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்." சின்ன வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து கேட்டது. அது எனக்குள் முழுதாக இருக்கிறது என்றே தெரியாது.

"ஆமென்" என்றார் ஆச்சி. விரலை அடுத்த மணிக்கு நகர்த்தினார்.