பூமிக்கடியில் ஒரு திண்ணை: ரோம் நாட்குறிப்பு

அக்டோபர் 8

கொலோசியத்தை நேற்றே பார்த்தாயிற்று, கூட்டம்தான் நினைவிருக்கிறது. இன்று அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் சான் கிளெமென்ட்டே தேவாலயத்துக்குத் தம்பி அழைத்துப்போனான். மேலே நிற்பது 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் பழைய ரோமின் செங்கல் சுவர்கள், ஒரு குறுகலான சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் பண்டைய ரோமானியர் வணங்கிய மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயில். 1857இல் ஜோசப் முல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி இங்கே தோண்ட ஆரம்பித்தார். கீழ்த்தளத்தில் தண்ணீர் நிரம்பிக்கொண்டே இருந்ததால், 1912ஆம் ஆண்டுவாக்கில் சுரங்கக் கால்வாய் வெட்டி வடித்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் இன்றும் ஓடுகிறது. கோயில் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் காதில் விழுந்துவிடுகிறது.

உள்ளே விடுவதில்லை. கம்பிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். குகை போல வளைந்த கூரை, இரு பக்கமும் சுவரை ஒட்டித் திண்ணை, நடுவில் பலிபீடம். பீடத்தின் முகப்பில் மித்ராஸ் காளையைக் குத்துகிறான். எல்லா மித்ராஸ் கோயில்களிலும் இதே காட்சிதான்: முதுகில் ஒரு முழங்கால், மூக்கைப் பிடித்திழுக்கும் இடக்கை, கத்தி பிடித்த வலக்கை. வழியும் ரத்தத்துக்கு நாயும் பாம்பும் தாவுகின்றன. காளையின் விதையைத் தேள் கவ்வுகிறது. வால் நுனி கோதுமைக் கதிராகிறது. குத்துகிறவன் பெரும்பாலும் காளையைப் பார்ப்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஏன் என்று எழுதி வைத்தவர் யாருமில்லை.

"இந்தத் திண்ணையைப் பார்க்கவா அக்கா இவ்வளவு தூரம் வந்தாய்?" என்றான் தம்பி. ஆமாம்.

அக்டோபர் 9

மழை. வீட்டிலேயே வாசிப்பு.

இந்த மதத்துக்கு வேதநூல் என்று எதுவும் கிடைக்கவில்லை. வெளியாட்கள் எழுதிய சில வரிகள், சுவரோவியங்கள், ஏராளமான கல்வெட்டுகள், இவைதான் சாட்சி. கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் தடயங்கள் தென்படத் தொடங்குகின்றன. நான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் ஓய்ந்துவிடுகின்றன. இது பாரசீகத்திலிருந்து நேரே வந்த மதம் என்று பெல்ஜிய அறிஞர் ஃபிரான்ஸ் குமோன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். 1971இல் மான்செஸ்டரில் நடந்த மித்ராஸ் ஆய்வு மாநாட்டில் அந்தக் கருத்து பலமாக அடிவாங்கியது. பெயர் மட்டும் பழையதுதான்: மித்தன்னி என்ற மேற்காசிய அரசின் கி.மு. 14ஆம் நூற்றாண்டு உடன்படிக்கையில் வருணன், இந்திரனோடு மித்திரனும் சாட்சிக்கு நிற்கிறான். பழைய பாரசீகரின் வேதமான அவெஸ்தாவின் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒப்பந்தம் என்று பொருள், வடமொழியில் நண்பன். சுதேசமித்திரன் பத்திரிகையின் பெயரில் இருப்பவனும் இவனுக்குத் தூரத்து உறவுதான்.

டிசம்பர் 25 மித்ராஸின் பிறந்தநாள் என்று நேற்று ஒரு வழிகாட்டி அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பண்டைய சான்று ஒன்றுகூடக் கிடையாது. 354ஆம் ஆண்டின் ரோமானிய நாட்காட்டி அந்தத் தேதியில் வெல்லப்படாதவனின் பிறந்தநாளைக் குறிக்கிறது. அதைச் சூரிய தேவன் என்றே கொள்கிறார்கள். மித்ராஸுக்கும் அதே பட்டம் உண்டு என்பதால் வந்த குழப்பம்.

அக்டோபர் 10

ஓஸ்தியா அந்தீக்கா, ரோமின் பழைய துறைமுக நகரம். பீரமிடே நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து ரயில். இந்த ஒரே ஊரில் பதினைந்துக்கு மேற்பட்ட மித்ராஸ் கோயில்கள் அகப்பட்டிருக்கின்றன. குளியல் மண்டபத்துக்கு அடியில் இருப்பது ஒன்று; கிரிட்டோன் என்ற ஏதென்ஸ் சிற்பி தன் பெயர் பொறித்த சிலை அங்கே கிடைத்தது. இப்போது அங்கே நிற்பது நகல்.

எனக்கு வேண்டியது ஃபெலிசிஸிமுஸ் கோயில். பாதை தவறி வெயிலில் அரைமணி நேரம் சுற்றினோம். கடைசியில் ஒரு சாதாரண அறை. தரையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் பதித்த ஏணி. வாசலிலிருந்து உள்ளே ஏழு கட்டங்கள், இந்த மதத்தில் சேர்ந்தவர் ஏறும் ஏழு படிநிலைகள். முதல் கட்டத்தில் காகம். பிறகு நிம்ஃபுஸ், படைவீரன், சிங்கம், பாரசீகன், சூரியனின் ஓட்டக்காரன், கடைசியில் தந்தை. சிங்கத்தின் கட்டத்தில் நெருப்பு அள்ளும் கரண்டியும் இடியாயுதமும். தந்தையின் கட்டத்தில் கோல், குல்லாய், அரிவாள்.

இரண்டாம் படியில் வெகுநேரம் நின்றேன். மணப்பெண்ணைக் குறிக்கும் சொல்லுக்கு ஆண் விகுதி ஒட்டினால் நிம்ஃபுஸ். இந்த மதத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பெண் வேண்டாம், மணப்பெண் பதவி மட்டும் வேண்டும்!

இங்கே கோயில் என்ற சொல்லே பொருந்தாது. முப்பது பேர் சாய்ந்து படுத்தால் திண்ணை நிறைந்துவிடும். எதிரெதிரே முகம் பார்த்துக்கொண்டு சாப்பிடக் கட்டிய அறை இது. சிப்பாயும், சுங்கத்துறைக் குமாஸ்தாவும், விடுதலை பெற்ற அடிமையும் ஒரே பந்தியில். அந்தப் பந்திதான் இவர்களை இழுத்திருக்கும் என்று தோன்றுகிறது; காளை வெறும் படம்.

அக்டோபர் 12

ரோமில் சாந்தா பிரிஸ்கா தேவாலயத்துக்கு அடியிலும் ஒரு மித்ராஸ் கோயில்; அதற்கு முன்பதிவு செய்ய மறந்துவிட்டேன். என் தப்பு. அங்குள்ள சுவரில் ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு வாழ்த்து, ஒரு கிரகத்தின் காவல்: தந்தையருக்குச் சனி, சிங்கங்களுக்கு வியாழன். வாழ்த்து தொடங்கும் சொல் "நமா". பாரசீகத்திலிருந்து வந்த சொல் என்கிறார்கள். நம் "நம"வுக்குச் சொந்தம். அந்த ஓவியங்களைக் கோடரியால் கொத்தி, மேலே தேவாலயம் எழுப்பியிருக்கிறார்கள்.

அக்டோபர் 13

பெல்ஜியத்தின் தீனென் நகரில் 1998இல் ஒரு மித்ராஸ் கோயிலைத் தோண்டினார்கள். சுற்றிலும் குழிகள். 3ஆம் நூற்றாண்டில் ஒரே விருந்தில் நூறு பேருக்கு மேல் தின்று தீர்த்த மிச்சம், பானை சட்டிகளோடு அப்படியே கொட்டி மூடப்பட்டிருந்தது. ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி எலும்புகளின் வயதை வைத்து விருந்து ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ நடந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேதநூல் சொல்லாததை எச்சில் இலை சொல்கிறது.

குழிகளில் நூற்றுக்கணக்கில் கோழியின எலும்புகளும் கிடைத்தன. பெரும்பாலும் சேவல்கள். இதைப் படித்துக் காட்டியதும் தம்பி சிரித்துவிட்டான்.

"குழம்பில்கூடப் பெண்ணைச் சேர்க்கவில்லையா அக்கா?"