கேட்காதவனுக்கும் மன்னிப்பா?

"மன்னிச்சுட்டா நான் கோர்ட்டுல சாட்சி சொல்லக் கூடாதா, ஐயா?" வரப்புத் தகராறில் மகனைப் பறிகொடுத்த தாய் கேட்டார். "உள்ளதை உள்ளபடி சொல்லுங்கம்மா" என்றேன். போதகனாக அந்தப் பதிலில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்து அவர் கேட்டதுதான் இன்னும் விடாமல் துரத்துகிறது: "வெட்டுனவன் ஒரு வார்த்தைகூட வருத்தப்படலையே?"

முதல் கேள்விக்கு, ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ் போதும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஜீப்புக்குள் தூங்கிய கணவர் கிரஹாமையும், 10 வயது பிலிப்பையும், 6 வயது திமோத்தியையும் உயிரோடு எரித்தார்கள். கிளாடிஸ் மன்னித்தார், பாரிபதாவில் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். வழக்கு அதன் போக்கில் நடந்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பிரசங்கத்தில் நாம் சறுக்குவது மத்தேயு 18இல், இயேசு சொன்ன கடன்காரன் உவமையில். பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியானவன், 100 வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அதை அற்பக் கடன் என்று சொல்லிவிடுகிறோம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. 100 என்றால் மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு. ஒரு தாலந்தோ ஏறக்குறைய 6,000 நாள் கூலி. நமக்குத் தேவன் இரங்கியது அத்தனை பெரிது. ஆனாலும் அந்த நூறும் நிஜமான நஷ்டம்தான். பிள்ளையை இழந்தவரிடம் அதைச் சிறிதாக்கிப் பேசினால், அதற்குமேல் நாம் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது.

இரண்டாவது கேள்வி அப்படி அடங்குவதில்லை. "அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்கிறது லூக்கா 17:3. அதே லூக்கா 23:34இல், சிலுவையில் அறைந்தவர்கள் யாரும் வருந்தாதபோதே "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்கிறார் இயேசு. வன்மத்தை இப்போதே விடு, உறவை அவன் மனந்திரும்பியபின் பார் என்று வழக்கமாக விளக்குவோம். ஆதியாகமத்தில் யோசேப்பும், தன்னை அடிமையாக விற்ற சகோதரருக்குத் தான் யாரென்று காட்டாமலே தானியம் கொடுத்து, பணத்தையும் சாக்கிலேயே திருப்பி வைத்தான். தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நானே அடிமையாகிறேன் என்று அந்தச் சகோதரரில் ஒருவனான யூதா நின்ற பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். விளக்கம் பொருந்துகிறது. ஆனால் சிலுவையிலிருந்து வந்த ஜெபத்தில் இந்தப் பாகுபாடு எதுவும் தெரியவில்லை.

அவனுக்காக ஜெபிக்கத் தொடங்குங்கள் என்றேன். பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை என்றார். அப்படியானால் பெயர் சொல்லாமல் ஜெபியுங்கள் என்றேன். அதற்கு வசனம் கேட்டால் காட்ட என்னிடம் இல்லை.