வெள்ளைச் சீட்டு

2019 டிசம்பர் 8, ஞாயிறு

டீக்கடையிலிருந்து வந்த வீட்டுக்காரர், "ஊராட்சித் தேர்தல்ல நம்ம வார்டு இந்தத் தடவை பெண்கள் வார்டு. உன் பேரைச் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று தினமும் அவரைக் கேட்கிறேன். இதற்கு என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தை சிரித்தார். 1996-ல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வந்த முதல் தேர்தலில், எங்கள் தெருவிலேயே ஒருத்தி ஜெயித்தாளாம். "அஞ்சு வருஷமும் ஆபீஸ் படி மிதிக்கலை. அவ புருஷன்தான் போவான், வருவான்." 2016-ல் அது பாதி இடமாக ஆகிவிட்டது. படி மிதிக்கிறவர்கள் எத்தனை பேரோ.

டிசம்பர் 13

மனு கொடுத்தாயிற்று. டெபாசிட் 200 ரூபாய், என் பால் பணத்திலிருந்து கட்டினேன். அவர் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் 20

நோட்டீஸ் அச்சாகி வந்தது. அவர் படம் பெரிசு, நான் ஓரத்தில்.

வீடு வீடாகப் போனதில் பெண்கள் யாரும் ரோட்டைப் பற்றிப் பேசவில்லை. மகளிர் சுகாதார வளாகம் பூட்டிக் கிடப்பதைத்தான் சொன்னார்கள். மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை, பூட்டிவிட்டார்கள். வயசுப் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். நானும் கல்யாணமாகி வந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன். வீட்டில் கக்கூஸ் கட்டிய பிறகு மறந்துபோயிருக்கிறேன்.

டிசம்பர் 27

நான்கு ஓட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டு உறுப்பினர்களுக்கு வெள்ளை. வெள்ளைச் சீட்டில் என் பெயரைப் பார்த்ததும் கை நடுங்கியது. இன்னாரின் மனைவி என்று கூப்பிட்டே பழகிய ஊர் இது.

2020 ஜனவரி 2

11 ஓட்டில் ஜெயித்தேன். முதல் மாலை அவர் கழுத்தில் விழுந்தது.

ஜனவரி 6

பதவியேற்பு. உறுதிமொழியை நன்றாகத்தான் வாசித்தேன்.

ஜனவரி 22

தீர்மானப் பதிவேடு வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்தவர், "அண்ணன் இருக்காரா? ஒரு கையெழுத்துதான்" என்றார். வீட்டுக்காரரும் பேனாவை எடுத்துவிட்டார். "உறுப்பினர் நான். ஆபீசுக்கு வந்து படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்தார். மூடி வைத்துவிட்டு நான் சாப்பிட்டேன்.

ஜனவரி 26

கிராம சபை. எங்கள் ஊர் மக்கள்தொகைக்கு 100 பேராவது வர வேண்டும். அதற்காகவே நூறு நாள் வேலைப் பெண்களைக் கூப்பிடுவார்கள். கையெழுத்து போடுவார்கள், கிளம்புவார்கள். முந்தின நாளே வீடு வீடாகப் போய், "போடுங்க, ஆனா போயிடாதீங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். நாற்பது பேர்போல உட்கார்ந்திருந்தார்கள். வளாகத்துச் சாவி எங்கே என்று நான் கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் அத்தை எழுந்து, "மோட்டார் எங்கேன்னும் கேளு" என்றார். நான் எதிர்பார்க்கவே இல்லை.

தீர்மானம் எழுதினார்கள். வாங்கிப் படித்தேன். 'வளாகத்தைத் திறப்பது' என்று மட்டும் இருந்தது. மோட்டாரையும் தண்ணீரையும் காணோம். சேர்க்கச் சொன்னேன். எழுதி முடிக்கும்வரை பேனாவை மூடியே வைத்திருந்தேன்.