ஜிப்ஸிக்கு உப்புத்தாள் வைத்தியம்

மழை விட்டதும் ஒரு ஞாயிறு எங்கள் மாருதி ஜிப்ஸி ஜீப்புக்குத்தான். அப்பா வாங்கிய பழைய 970 சிசி வண்டி. நான்கு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங், லாரியில் இருப்பது போல விறைப்பான இரும்புப் பட்டை அடுக்கு. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் இடுப்பு கழன்றுவிடும்!

நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வேண்டுமென்றால் முதலில் இறங்கி, முன்சக்கர நடுவிலிருக்கும் ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். அப்புறம்தான் கியருக்குப் பக்கத்துச் சின்ன லீவர். சேற்றில் மாட்டிய பிறகு ஞாபகம் வந்தால் முழங்கால்வரை சேறு. (எனக்கு இரண்டு முறை.)

1985-ல் வந்த மாடல். பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தியே சில வருஷம் ஆச்சு. அதனாலோ என்னவோ, பெட்ரோல் பங்கில் நின்றாலே, "குடுக்கிறீங்களாண்ணே?" என்று யாராவது வந்துவிடுகிறார்கள்.

இன்று வலது கதவின் அடியில் ஐந்து ரூபாய் காசளவு துரு. டிங்கர் அண்ணன் தகட்டையே மாற்றச் சொல்கிறார். நான் உப்புத்தாளோடு உட்கார்ந்திருக்கிறேன்.